கோடிக்கரையும் கொஞ்சம் உப்பும்

எங்க ஊர் வ. புதுப்பட்டி மலையடிவாரம். மழை பேஞ்சா கண்மாய் ரொம்பும், ரெண்டு கொக்கு வரும், அவ்வளவுதான் எங்க பறவை சரணாலயம் :-) இப்படிப்பட்ட ஆளு மதுரை, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டின்னு பஸ் மாறி மாறி கோடிக்கரை போய்ச் சேர்ந்தா எப்படி இருக்கும்? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஒரு மேடு கூட இல்ல. அங்க உயரமான இடம்னு காட்டுற ராமர் பாதமே ஒரு மணல்மேடுதான். எங்க ஊர் ஆட்கள் அதை மேடுன்னே ஒத்துக்க மாட்டாங்க.

கோடிக்கரைன்னதும் நம்மில் பாதி பேருக்கு பூங்குழலிதான் ஞாபகம் வருவா. கல்கி அவ்வளவு ஆழமா எழுதி வச்சுட்டார். அதுக்கும் ரொம்ப முன்னாடியே சுந்தரர் இங்க வந்து குழகரைப் பாடியிருக்கார். சோழர் காலத்ததுன்னு சொல்ற பழைய கலங்கரை விளக்கம் ஒண்ணு கரையில நின்னுச்சு. 2004 சுனாமி அதையும் விட்டு வைக்கல.

காவிரி டெல்டாவோட தென்கோடி இது. ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்குற சதுப்பு, பக்கத்துல முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அப்புறம் பாலை மரங்கள் நிக்குற வறண்ட பசுமைக் காடு, புல்வெளியில வெளிமான். மட்டக்குதிரைகளும் உண்டு. யாரோ எப்பவோ விட்டுட்டுப் போனது, அதுங்களே பெருகிருச்சு. 1967ல சரணாலயமா அறிவிச்சாங்க. 2002ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்தப்ப பரப்பு 38,500 ஹெக்டேர்னு பதிவாச்சு. 257 வகைப் பறவைகள், பூநாரை மட்டும் முப்பதாயிரம் வரைன்னு அந்தப் பதிவு சொல்லுது. உள்ளங்கையில அடங்குற கொசு உள்ளான் ஆர்க்டிக் பக்கத்துல இருந்து இங்க வருது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க பல வருஷமா காலில் வளையம் மாட்டி இதையெல்லாம் பின்தொடர்ந்தாங்க.

இப்ப உப்பு விஷயத்துக்கு வர்றேன். 1930 ஏப்ரல் 13ந் தேதி திருச்சியில இருந்து ராஜாஜி சுமார் நூறு பேரோட நடந்து, 30ந் தேதி வேதாரண்யத்துல உப்பு எடுத்தார். அடைக்கலம் கொடுத்தா தண்டனைன்னு அரசாங்கம் மிரட்டியும் வழியெல்லாம் ஜனங்க சோறு போட்டாங்க. அகஸ்தியம்பள்ளியில ஸ்தூபி இருக்கு, போனா பாருங்க. அந்த உப்பு நமக்கு சுதந்திரம். அதே உப்புதான் இப்ப சதுப்புல பாத்தியா விரிஞ்சு கிடக்கு. பாத்தி ஓரத்துல தண்ணி மெல்லிசா இருந்தா பறவைங்க இறங்குது, உப்பு ரொம்ப ஏறினா இறங்குறதில்ல. 1934ல மேட்டூர் அணை வந்த பிறகு நல்ல தண்ணி கடைமடைக்கு முன்ன மாதிரி வர்றதும் இல்ல. நான் யாரைக் குத்தம் சொல்ல? வெயில்ல உப்பு வாருற அம்மாவோட காலைப் பார்த்துட்டு "பாத்தியை மூடு"ன்னு எனக்கு வாய் வரல. ஆனா இருக்குற பாத்தி போதும், புதுசா ஒரு ஏக்கரும் சதுப்புக்குள்ள போகக் கூடாதுங்கிறது என் கருத்து. சண்டைக்கு வர்றவங்க வாங்க.

2018 நவம்பர் 16 கஜா புயல் இந்தக் காட்டை அப்படியே முறிச்சுப் போட்டுச்சு. வெளிமான்களும் நிறைய செத்துச்சு. சீமைக்கருவேலம் வேற புல்வெளியைத் தின்னுக்கிட்டு வருது.

நான் போனது ஒரு ஜனவரி. சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்போதுதான் தூரத்துல வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுச்சு. உப்புக்குவியல்னு நினைச்சேன். அது எழும்பிப் பறந்துச்சு.