திறந்த வாயிலும் திறந்த தரவும்: கரிசல் இலக்கிய ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வுநூல் ஒன்றின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மேற்கோள் பட்டியல் முதலிய விவரக் குறிப்புகளே மீத்தரவு எனப்படும். பொது இடைமுகத்தின் வழியே கிடைப்பதாலேயே அவற்றைத் திறந்தவை எனக் கொள்வது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கு மறுஆய்வுக்குரியது.

1867ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டப்படி பதிவான நூல்களின் பட்டியல் காலாண்டுதோறும் அரசிதழில் வெளிவந்தது. கண்காணிப்பும் கலந்த ஏற்பாடுதான் அது. எனினும், அச்சேறிய பட்டியலை அரசு பின்னாளில் திரும்பப் பெறுதல் அரிது.

இணைய இடைமுகத்தின் இயல்பு வேறு. கிராஸ்ரெஃப் அமைப்பில் பதிப்பாளர்கள் அளித்த மேற்கோள் பட்டியல்களுள் 1 விழுக்காடே முன்னர்ப் பொதுப்பார்வைக்குக் கிடைத்தது. 2017 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட திறந்த மேற்கோள் முன்னெடுப்பால் அது 40 விழுக்காட்டைக் கடந்தது. அனைத்தும் திறக்கப்பட்டது 2022இல்தான். வாயில் திறந்திருந்த காலத்திலேயே உள்ளறைகள் பூட்டிக் கிடந்தன.

மைக்ரோசாப்ட் அகாடமிக் 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. அதன் இடைமுகத்தை மட்டும் நம்பிய ஆய்வுகள் அத்துடன் நின்றிருக்கும். ஆனால் தரவுத்தொகுதி முழுவதையும் படியெடுத்துப் பயன்படுத்த உரிமம் இடமளித்தமையால், 2022 ஜனவரியில் ஓப்பன்அலெக்ஸ் அதன்மீது எழ முடிந்தது. ஆகவே, திறந்த தன்மையை அளக்க வேண்டியது இடைமுகத்தைக் கொண்டன்று; உரிமத்தையும் முழுப்படி கிடைக்கும் வாய்ப்பையும் கொண்டே.

கோவில்பட்டி வட்டாரத்திற்கு இவ்வளவையும் போதாது. இடைசெவலின் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி தொடங்கிப் பூமணி, சோ. தர்மன் வரையிலான கரிசல் எழுத்தாளர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தமிழில், அச்சிதழ்களிலும் கருத்தரங்கத் தொகுப்புகளிலும் உள்ளன. கிராஸ்ரெஃபில் பதிய உறுப்பினர் கட்டணமும் பதிவுக் கட்டணமும் உண்டு. சிறு தமிழிதழ்களுக்கு அது சுமை. பதிவு பெறாத கட்டுரை உலகத் தரவுத்தளங்களை எட்டுவது அரிது. எத்துணைத் தாராளமான உரிமமும் தொகுதியில் இல்லாததைத் திறக்காது. பல்கலைக்கழகத்திற்கு வெளியே நின்று கி.ரா. தொகுத்து 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதியை எத்தனை ஆய்வுகள் மேற்கோள் காட்டின என்பதை எந்த இடைமுகத்தைக் கொண்டும் இன்று முழுமையாக எண்ணிவிட முடியாது.

சோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகளேனும் உள்ளன. அங்கும் பெயர்வடிவச் சிக்கல் எழும். கி.ரா., கி. ராஜநாராயணன், கி. இராஜநாராயணன் என மூவகையாக எழுதப்படும் பெயரைப் பொறி மூவராகக் கொள்ளக்கூடும். ஆங்கில எழுத்துப்பெயர்ப்பு இக்குழப்பத்தை மேலும் பெருக்கும். வட்டாரக் கல்லூரித் தமிழ்த்துறைகள் தத்தம் ஆய்வேட்டுப் பட்டியலைத் தமிழ் எழுத்திலேயே, மாற்றுப் பெயர்வடிவங்களுடன், எவரும் படியெடுக்கத்தக்க எளிய கோப்பாக வெளியிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை. எவருடைய இசைவும் தேவையில்லை.