முசுறுபோலிச் சிலந்தி

முசுறுபோலிச் சிலந்தி (மிர்மாப்லாடா பிளாடலியாய்டிஸ்) என்பது முசுறு எறும்பின் உருவம் கொண்ட தாவும் சிலந்தி. இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளில் வாழ்கிறது. ஆக்டேவியஸ் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் இதை 1869இல் இலங்கையிலிருந்து விவரித்தார். மைசூரு விஜயநகர் போன்ற குடியிருப்புகளில், முசுறு இலைக்கூடு கட்டிய மாமரம் இதைத் தேட ஏற்ற இடம்.

தோற்றம்

உடலில் எறும்புக்குரிய இடுக்கங்கள் உண்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோலத் தூக்கி வைத்து நடக்கும். முசுறுக் கூட்டத்தை ஒட்டி வாழ்ந்தாலும் எறும்பின் மேல் படாமல் விலகிக்கொள்ளும்.

வாயுறுப்புகள்

சிலந்தியின் வாய்க்கு முன்னே கெலிசெரா எனப்படும் இரு தாடைகள் உள்ளன. ஒவ்வொன்றும் தடித்த அடிக்கணுவும், பேனாக்கத்திபோல மடங்கும் நச்சுப்பல்லும் கொண்டது. பல்லின் நுனியருகே உள்ள துளை வழியே நஞ்சு பாயும். பக்கங்களில் குட்டைக் கால்போன்ற இரு பெடிபால்ப்கள் இருக்கும். அவற்றின் அடிப்பகுதியிலுள்ள மயிர்வரிசை திடத் துணுக்குகளை வடிகட்டும். இரையை வெளியிலேயே செரிக்கச் செய்து, சாற்றைச் சிலந்தி உறிஞ்சும்.

ஆணின் தாடை

பெண்ணின் தாடை குட்டையானது. ஆணுக்கோ கடைசித் தோலுரிப்புக்குப் பின் அது தலைக்கு முன்னே நீண்டுவிடும். நுனி புடைத்திருப்பதால், வாயில் இன்னொரு எறும்பைக் கவ்விச் செல்லும் முசுறுபோலத் தெரியும். ஆண்கள் தமக்குள் மோதும்போது இத்தாடைகளை விரித்துத் தள்ளுகின்றன. நீளத்துக்கு விலையும் உண்டு: ஆணின் பல்லில் நஞ்சுக் குழாய் இல்லாததால், இரையைக் குத்தித்தான் பிடிக்க வேண்டும். சுமை தூக்கிய எறும்பால் கடிக்க இயலாது என்பதால், எறும்பு தின்னும் வேட்டைவிலங்குகள் அத்தகைய எறும்பையே விரும்பித் தாக்கும். ஆண் சிலந்தியும் அவற்றிடம் சிக்கும். இதை ஜிமினா நெல்சன், ராபர்ட் ஜாக்சன் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

அண்மை ஒளிப்படம்

சுமார் 1 செ.மீ. நீளமுள்ள இவ்வுயிரியைப் படமெடுக்க 1:1 உருப்பெருக்கம் தரும் மேக்ரோ லென்ஸ் தேவை. முழுச்சட்டக உணரியில், எஃப் 8 துளையில், தெளிவாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. எனவே நேர்முகமாக எடுத்தால் கண் தெளியும்போது தாடையின் நுனி மங்கும். பக்கவாட்டில், உணரிக்கு இணையாக வைத்து எடுத்தால் தாடை முழுவதும் தெளியும். நேர்முகப் படத்துக்குக் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பல படங்களை இணைக்கலாம். அதற்குச் சிலந்தி அசையாதிருக்க வேண்டும். பளபளக்கும் தாடையில் வெண்திட்டு விழாமலிருக்க, ஃபிளாஷின் முன் ஒளிபரப்பித் திரை வைப்பது வழக்கம். எட்டுக் கால்களும் முகப்பின் பெரிய இரு கண்களும் படத்தில் தெரிந்தால் எறும்பல்ல, சிலந்தி என்று உறுதிப்படுத்தலாம்.