தோள்பையில் ஒரு பதிப்பகம்

1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோதே, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று எழுத்தாளர் சி.சு. செல்லப்பா அறிவித்துவிட்டார். வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைக்காகக் குடும்பங்கள் காத்துக் கிடந்த காலம் அது. அந்த இரண்டாயிரத்தைக்கூட 'எழுத்து' எட்டவில்லை. இருந்தும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன.

இந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி 'மணிக்கொடி'யிலிருந்து என்றுதான் சொல்லவேண்டும். 1935இல் சிறுகதைப் பத்திரிகையாக மாறிய மணிக்கொடியை நடத்திய பி.எஸ். ராமையாவும் செல்லப்பாவைப் போலவே வத்தலக்குண்டுக்காரர். புதுமைப்பித்தன், கு.ப.ரா., பிச்சமூர்த்தி, மௌனி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு தினுசாக எழுதிப் பார்த்த களம் அது. காசு பெயராது என்று தெரிந்தேதான் எழுதினார்கள். அடுத்தவர் கதையைப் படித்துக் கொண்டாடவும் சண்டை போடவும் அங்கே ஆள் இருந்தது. அந்த ருசி செல்லப்பாவை விடவே இல்லை. பின்னாளில் ராமையாவின் கதைகளை அலசி ஒரு தனிப் புத்தகமே எழுதினார்.

இதழோடு எழுத்து பிரசுரமும் வந்தது. அச்சிட்ட புத்தகங்களைக் கடைக்காரர்கள் கேட்டு வாங்குவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. பையில் அடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கல்லூரி வாசல் ஏறி, தமிழாசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் பார்த்து, புதுக்கவிதையைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் பேசி, விற்றார். இதை ஒரு எழுத்தாளனின் அவல நிலையாகச் சொல்லிச் சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. ஆனால் தன் வாசகனின் முகத்தைப் பார்த்துப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்த்தது?

அதே 1959இல் வந்ததுதான் அவருடைய ஜல்லிக்கட்டுக் குறுநாவல் 'வாடிவாசல்'. நூறு பக்கம்கூட இல்லை. தகப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளைக்காக வாடிவாசலில் நிற்கிறான் பிச்சி. மாட்டின் திமில், கொம்பின் வீச்சு, திட்டிவாசலில் நெரியும் கூட்டம் எல்லாம் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் தெரிகின்றன. எழுதியவன் அனுபவித்து எழுதினால்தான் வாசிப்பவனுக்கு இப்படிப் புழுதி பறக்கும்.

செல்லப்பா அதோடு ஓய்ந்துவிடவில்லை. சுதந்திரப் போராட்டத்தை வைத்து அவர் எழுதிய 'சுதந்திர தாகம்' மூன்று பெரிய பாகங்கள். 1997இல் அதையும் எழுத்து பிரசுரமாகத் தானே வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 85. மறு ஆண்டு காலமானார். நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது 2001இல் வந்தது.