இரும்பும் கையும்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற உழவு இயந்திரங்களைக் கொண்டே, 1947இல் இந்திய அரசு மத்திய டிராக்டர் நிறுவனத்தைத் தொடங்கிற்று. காண்ஸ் என்னும் ஆழவேர்ப் புல் விழுங்கிய நிலங்களை மீட்பது அதன் பெரும்பணி. 1949இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடனும் வழங்கிற்று. இரும்பை விலைக்கு வாங்கலாம். அதன் நோயறியும் கையை எங்கே வாங்குவது? எரிபொருள் வடிகட்டியில் தூசு அடைத்தால் இயந்திரம் நின்றுவிடும். விதைப்புப் பருவமோ நில்லாது. நர்மதைக் கரையிலுள்ள புத்னியில் அரசின் பயிற்சி நிலையம் எழுந்தது 1955இலேதான். எட்டாண்டுத் தாமதம் சிறிதன்று. 1963இல் ஹிஸாரிலும் ஒன்று அமைந்தது. அங்கெல்லாம் ஸ்பானரைக் கையிலெடுத்தவர் எவர் என்பதே நம் வினா: நிலமுடையான் மகனா, ஏர் பறிபோன கூலியாளா?