அக்வாகார்டு: வீட்டு வாயிலிலிருந்து கடைத்தெருவுக்கு

அக்வாகார்டு என்பது, வீடுகளில் குடிநீரைச் சுத்திகரிப்பதற்காக யூரேக்கா போர்ப்ஸ் என்னும் இந்திய ஸ்தாபனம் 1984-இல் வெளியிட்ட கருவியின் வணிகப் பெயராகும். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வீடு தேடி வந்து, கூடத்திலோ சமையலறையிலோ இயக்கிக் காட்டி, அங்கேயே பணம் பெற்றுக்கொண்டு போகும் பொருளாகப் பல்லாண்டுகள் இருந்துவிட்டுப் பிற்காலத்தில் கடைகளின் அலமாரியில் வந்து அமர்ந்தது என்பதே இதன் சரித்திரத்தின் விசேஷம். எந்த நிறுவனம் செய்த கருவியானாலும் அதை 'அக்வாகார்டு' என்றே சொல்லும் வழக்கம் தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரங்களில் இன்றும் கேட்கக்கூடியது.

யூரேக்கா போர்ப்ஸ், டாட்டா குழுமத்தைச் சார்ந்திருந்த போர்ப்ஸ் நிறுவனமும் ஸ்வீடன் தேசத்து எலக்ட்ரோலக்ஸ் நிறுவனமும் கூட்டாகச் சேர்ந்து 1982-இல் தொடங்கியது. எலக்ட்ரோலக்ஸை 1919-இல் நிறுவிய ஆக்ஸல் வென்னர்-கிரென் தாமே தேர்ந்த விற்பனையாளர். தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கடையில் வைத்து விற்பதைவிட வீட்டுக்குள் கொண்டுபோய் இயக்கிக் காட்டி விற்பதே மேல் என்று கண்டவர். இந்தியாவிலும் முதலில் வந்தது 'யூரோக்ளீன்' என்ற தூசி உறிஞ்சிதான். ஆனால் காலையும் மாலையும் துடைப்பத்தால் பெருக்கி, சிமெண்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்து வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு அது அத்தனை அவசியமான பொருளாகத் தோன்றியிருக்க முடியாது. தண்ணீரின் விஷயம் அப்படியன்று. அதில் ஏற்கெனவே ஒரு கவலை இருந்தது.

அக்கவலைக்குப் பழைய பரிகாரங்களும் இருந்தன. கலங்கிய நீர் தெளியத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைப்பதும், குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிப்பதும், அண்டாவில் கொதிக்க வைத்து ஆற்றுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவை. எவர்சில்வர்ப் பாத்திரத்துக்குள் பீங்கான் குழல்களைப் பொருத்திய 'கேண்டில் ஃபில்டர்' பின்னால் அவற்றோடு சேர்ந்தது. இவையெல்லாம் பழக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு, அக்வாகார்டுக்குள் புற ஊதாக் கதிர் என்ற ஒன்று, நீரைத் தொடாமலும் சூடாக்காமலும் கிருமிகளை ஒழிக்கிறது என்று சொன்னால் எளிதில் விளங்குமா? சுமார் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள அக்கதிர் கிருமியின் மரபணுவைச் சிதைத்து அது பெருகாதபடி செய்கிறது என்பது விஞ்ஞானம்; கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்ணுக்குத் தெரியாத கதிர் கொல்கிறது என்பதை நம்ப வைப்பது முற்றிலும் வேறொரு தொழில். அத்தொழிலைச் செய்தவர்களே, கழுத்தில் டையும் கையில் கனத்த பையுமாக, சித்திரை வெயிலிலும் மின்சார ரயிலிலிருந்து இறங்கித் தெருத்தெருவாக நடந்த, நிறுவனத்தால் 'யூரோசாம்ப்' என்று அழைக்கப்பட்ட இளைஞர்கள். விற்பனையாளர் என்பதைவிட அவர்களை உபாத்தியாயர்கள் என்பதே பொருந்தும். பாடம் கேட்ட வீடுகளிலெல்லாம் கருவி வாங்கப்படவில்லை. எனினும் பாடம் மறக்கப்படவும் இல்லை.

தென் சென்னைப் புறநகர்களில் இப்பாடத்துக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின், பாதையின் இருமருங்கும் மனைகள் பெருகின. குழாய்நீர் விநியோகமோ அவ்வேகத்தில் பெருகவில்லை. ஆகவே கிணறும், பின்னர் ஆழ்துளைக் கிணறுமே கதி. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் அடிநிலம் சார்னோகைட் என்னும் கடும்பாறை; கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைக்கப்பட்ட கல்லும் இவ்வினமே என்பதால் ஹாலண்டு என்ற நிலவியலார் 1893-இல் இட்ட பெயர் அது. அப்பாறையின் பிளவுகளில் தங்கும் நீர் பல இடங்களில் உப்புக் கரித்தது. தோல் பதனிடும் தொழில் நடந்த பல்லாவரம், நாகல்கேணிப் பக்கங்களில் கழிவின் உப்பும் அதனுடன் கலந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். 'போர் தண்ணீ'ரில் வடித்த சோற்றின் நிறத்தையும், குழாயடியில் படியும் வெள்ளைக் கறையையும் அறிந்த இல்லத்தரசிக்குக் கிருமியைக் காட்டிலும் உப்பே முதற்பகை. புற ஊதாக் கதிரோ உப்பை ஒன்றும் செய்யாது.

உப்பை நீக்கவல்லது எதிர் சவ்வூடுபரவல், அதாவது யாவரும் 'ஆர்.ஓ.' என்று கூறும் முறை. இதற்குப் பயன்படத்தக்க சவ்வை 1959-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவருடன் சேர்ந்து உருவாக்கியவர், இந்தியாவிற் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன். அவர் பெயரை நம் பாடநூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம். ஆர்.ஓ. கருவிகள் வீட்டு அளவில் வரத் தொடங்கியதும் விற்பனையின் தன்மையும் மாறியது. நாவுக்கே பிரத்தியட்சமாகத் தெரியும் மாற்றத்துக்குப் பிரசங்கம் தேவையில்லை. ஆயினும் சில விற்பனையாளர்கள் ஒரு ஜாலவித்தையைக் கையாண்டதுண்டு: இரு தம்ளர்களில் மின்கம்பிகளை நுழைத்தால் குழாய்நீர் செங்காவியாகக் கலங்கும், ஆர்.ஓ. நீர் தெளிவாகவே நிற்கும். கலங்கியது நீரின் அழுக்கன்று, கம்பியின் இரும்பு கரைந்து உண்டான துருவே. உப்புக் குறைந்த நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாததால் அங்கே கலங்கல் இல்லை. நேர்விற்பனையில் உபாத்தியாயரும் செப்பிடுவித்தைக்காரரும் ஒரே உடையில் வந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைவிற்பனைக்கு வழி திறந்ததில் போட்டியாளருக்கும் பங்கு உண்டு. ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் மின்சாரமும் குழாய் இணைப்பும் வேண்டாத 'ப்யூர்இட்' கருவியை 2004-இல் சென்னையில்தான் முதன்முதலாக வெளியிட்டது. 2009 இறுதியில் வந்த 'டாட்டா ஸ்வச்', உமிச் சாம்பலையும் வெள்ளியின் நுண்துகள்களையும் கொண்டு, ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் கிடைத்தது. அத்தனை மலிவான பொருளுக்கு வீடு தேடி வருபவரின் நடைக்கூலி கட்டுமா? யூரேக்கா போர்ப்ஸும் 'அக்வாசுவர்' என்ற பெயரில் கடைகளுக்கென்றே தனி வரிசை ஒன்றை வகுத்து, வாயில் விற்பனைக்கு அக்வாகார்டு, கடைவிற்பனைக்கு அக்வாசுவர் என்று இரண்டையும் பிரித்து நடத்திற்று. தன் பிரதிநிதியின் வயிற்றில் தானே அடிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு என்று அதைக் கருதலாம். நாளடைவில் அக்வாகார்டே கடைக்கு வந்து, அந்த எல்லைக்கோடு அழிந்தது.

வந்து சேர்ந்த கடைகளோ புதியவையல்ல. மயிலாப்பூரில் 1965-இல் தோன்றிய விவேக்ஸ், தியாகராய நகரில் 1978-இல் தோன்றித் தவணை முறையால் பெயர் பெற்ற வசந்த் அண்டு கோ போன்றவை மின்சாதன வியாபாரத்தை நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கியிருந்தன. கடையில் ஐந்து நிறுவனங்களின் கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, வாங்குபவர் விலையைக் கேட்கிறார், ஒப்பிடுகிறார், தவணையைப் பேசுகிறார். கிருமி என்றால் என்ன என்று அங்கே ஒருவரும் விளக்குவதில்லை. வாயிலில் வந்த இளைஞர்கள் முன்பே நடத்தி முடித்த பாடத்தின் பலனைக் கடைக்காரர் அனுபவிக்கிறார்.

கடைவிற்பனை ஒருபுறமிருக்க, யூரேக்கா போர்ப்ஸ் ஸ்தாபனத்தின் உடைமையும் கைமாறியது; அது டாட்டாவிடமிருந்து ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்துக்குச் சென்றது. பின்னர் 2021-இல் அட்வென்ட் இன்டர்நேஷனல் என்ற முதலீட்டு நிறுவனம் 4,400 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பெரும்பங்கை வாங்க உடன்பட்டது.

இதற்கிடையே ஆர்.ஓ. முறையின் மீது ஓர் ஆட்சேபம் எழுந்தது. வீட்டுக் கருவி ஒரு குடம் நன்னீர் தரச் சுமார் மூன்று குடம் உவர்நீரை வெளியேற்றுவது, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் சிறிய விஷயமன்று. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு கரைந்துள்ள நீருக்கு இம்முறை வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. சென்னையின் ஏரிகள் வறண்ட அதே ஆண்டில் அக்கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் பாத்திரம் துலக்கவும் வைத்துக்கொண்ட வீடுகள் பல.

இன்று பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றின் வாயிற்கதவில் விற்பனையாளருக்கு அனுமதியில்லை என்ற பலகை தொங்குகிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் பகலில் கதவைத் திறக்கவும் ஆளில்லை. ஆனால் சவ்வும் வடிகட்டியும் குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டியவை. அதற்கென்று ஆண்டுதோறும் புதுப்பிக்கும் 'ஏ.எம்.சி.' ஒப்பந்தத்தின் பேரில், டை இல்லாமல், இருசக்கர வண்டியில், முன்னதாகத் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு சர்வீஸ்காரர் வருகிறார். காவலாளி அவர் பெயரைப் பேரேட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விடுகிறார்.