அண்டை வீட்டு அறம்

கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் எனச் செல்லும் சாலை நெடுக, மலாய் மக்களோடு சீன மீனவரும் நெல் உழவரும் வாழ்கின்றனர். உட்புறம் திரும்பினால் ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்கள். மலாயாவில் செம்பனை வணிக நோக்குடன் முதன்முதலாக 1917-இல் பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் உள்ளது. பெயரே தமிழாக நிற்பதைக் காண்க. தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சீனத் தவுக்கேயின் கடையில் கணக்கு வைத்து அரிசியும் உப்புமீனும் வாங்கினர். கடைச் சுவரில் ஊதுவத்தி புகையும் செந்நிறப் பீடத்தை நாள்தோறும் கண்டனர். அதன் பின்னே நிற்கும் சிந்தனை இன்னதென்று வினவியவர் சிலரே.

அச்சிந்தனையின் முதல் ஆசான் கன்பூசியஸ் (கி.மு. 551–479). சௌ மரபின் ஆட்சி தளர்ந்து, சிற்றரசர்கள் ஒருவரோடொருவர் பொருத காலத்தில் லூ நாட்டில் தோன்றியவர். மனிதநேயமும், முறை தவறா ஒழுக்கமும், பெற்றோரைப் பேணலும் நாட்டைத் திருத்தும் என்றார். அவர்தம் உரையாடல்களை மாணாக்கர் வழிவந்தோர் இருபது பகுதிகளாகத் தொகுத்தனர். கி.மு. 213-இல் சின் பேரரசன் பழைய நூல்களை எரித்தான். பின்வந்த ஹான் பேரரசோ அவற்றையே அரசுக் கல்வியாக்கிற்று. அந்நூல்களில் தேறியோரை அதிகாரிகளாக்கும் தேர்வு முறை 1905-இல்தான் ஒழிந்தது. மலாயாவுக்குக் கூலிகளாக வந்த சீனருள் பெரும்பாலோர் அத்தேர்வின் வாயிலைக்கூட மிதித்தறியாதவர். எனினும் நூலில் உள்ளதை அவர்கள் வீட்டு வழக்கமாகக் கொண்டுவந்தனர்.

தமிழ் மாணவரைத் திகைக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. ஷெ என்னும் பகுதியின் தலைவர், தம் ஊரில் நேர்மையாளன் ஒருவன் இருப்பதாகவும், தந்தை ஆட்டைக் கவர்ந்தபோது அவனே சான்று சொன்னான் என்றும் பெருமையுற உரைத்தார். கன்பூசியஸ் அதனை ஏற்கவில்லை. தந்தையை மகனும் மகனைத் தந்தையும் மறைப்பதிலேயே நேர்மை அடங்கியுள்ளது என்றார். கன்றைக் கொன்ற தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனைச் சிலம்பிலும் பெரியபுராணத்திலும் பயின்ற நமக்கு இது முறைகேடாகவே தோன்றும். ஆயின் சோழன் அரியணையில் இருந்து தீர்ப்பளித்தவன். கன்பூசியஸ் பேசுவதோ இல்லத்து மகனைப் பற்றி. வீட்டில் பற்று அற்றுப்போனால் நாட்டில் அறம் எங்கிருந்து முளைக்கும் என்பது அவர் கவலை. கி.பி. 653-இன் தாங் சட்டத் தொகுப்பு, உறவினர் குற்றத்தை மறைப்போரைத் தண்டியாது விட்டது. அரசத் துரோகம் போன்ற பெருங்குற்றங்கட்கே விலக்கு. இதில் ஊழலுக்கு நிழல் தரும் ஆபத்து இல்லாமலில்லை. தந்தைக்கு நல்ல மகன் அரசனுக்குத் தீய குடியாவான் என ஹான் பெய் அன்றே இடித்துரைத்தார். இரு கதைகளையும் ஒரே வகுப்பில் வைத்து மாணவரை வாதிடச் செய்யலாம். விடையை ஆசிரியர் முந்திக்கொண்டு கூறாதிருத்தல் நன்று.

லாவோட்சுவின் பெயரால் வழங்கும் 'தாவோ தே ஜிங்' 81 இயல்களையும் ஏறத்தாழ 5,000 எழுத்துகளையும் கொண்ட சிறுநூல். அது ஒருவர் எழுதியதன்று என்பார் பலர். 1993-இல் குவோதியான் கல்லறையில் கிடைத்த மூங்கிற் பட்டைகளில் அதன் பகுதிகள் உள்ளன; அவை ஏறத்தாழ கி.மு. 300-ஐச் சேர்ந்தவை. 'செயலின்மை' என அந்நூல் கூறுவது சோம்பலன்று. இயல்பை வலிந்து முறிக்காமை. நீர் தாழ்ந்த இடம் நாடிச் சென்றே அனைத்தையும் வாழ்விப்பதை அது எடுத்துக்காட்டும். செகிஞ்சான் வாய்க்காலைக் கண்ட பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும். இத்தத்துவம் வேறு, கோயில்களில் வழங்கும் தாவோ சமயம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் கூடாது.

அவ்வழி வந்த சுவாங்ட்சு ஒரு மரத்தின் கதை சொல்வார். கோணல்மாணலான அம்மரம் தச்சனுக்குப் பயன்படாது; அதனாலேயே வெட்டுண்ணாமல் ஓங்கி வளர்ந்து பலருக்கு நிழலாயிற்று. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, பால் குறைந்த ரப்பர் மரங்கள் மறுநடவுக்காக வரிசை வரிசையாகச் சாய்க்கப்பட்டன. அவற்றை வெட்டிப் பால் எடுத்த குடும்பங்கள் பலவும் லயங்களை விட்டுப் பெயர்ந்தன. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சுவாங்ட்சுவின் மரத்தை விளக்கக் கரும்பலகையில் வேறு படம் வரைய வேண்டியதில்லை.