வீசமும் புள்ளியும்

ஒன்று, பத்து, நூறு என மேல்நோக்கி எண்ணுதல் எளிது. ஒன்றுக்குக் கீழே இறங்கி எண்ணுவதிலேதான் ஒரு மக்களின் கணக்கறிவு நன்கு புலப்படும். அத்துறையில் தமிழர் நெடுந்தொலைவு சென்றவர் ஆவர்.

அரை, கால், அரைக்கால் என்பவற்றை இன்றும் அறிவோம். பதினாறில் ஒன்று வீசம். அதனை மாகாணி என்றும் வழங்கினர். இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அம்முந்திரியையே ஒன்றெனக் கொண்டு மீண்டும் 320 பங்கிட்டால் வருவது கீழ்முந்திரி. அதனை 21 பங்கிட்டால் ஒரு பங்கு இம்மி. ‘இம்மியும் பிசகவில்லை’ என்று நாம் இன்று பேசும்போது இந்த நுண்ணளவையே சொல்கிறோம். இராசராச சோழன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவுகள் முந்திரிக்கும் கீழே இறங்கிக் குறிக்கப் பெற்றுள்ளன.

ஆயினும் இம்முறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒவ்வொரு பின்னத்திற்கும் தனிப்பெயர் உண்டு. பலவற்றிற்குத் தனிக்குறியும் உண்டு. அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

இவ்விடரை நீக்கியது ஒரு சிறு புள்ளி. இடத்திற்கு இடம் இலக்கத்தின் மதிப்புப் பத்து மடங்கு ஏறும் முறை பாரதம் உலகிற்கு ஈந்த கொடை. அதே ஒழுங்கில் வலப்புறம் இறங்கினால் பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என வரும். முழு எண் எங்கே முடிகிறது என்று காட்டுவதே புள்ளியின் தொழில். 1585-இல் சைமன் ஸ்டெவின் என்ற அறிஞர் ஒரு சிறுநூலால் இம்முறையை ஐரோப்பாவில் பரப்பினார். நாணயமும் அளவைகளும் பத்தின் வழியே அமைய வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

அக்கருத்து நம் நாட்டு நாணயத்தில் 1957 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுகாறும் ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்றுமுதல் நூறு நயா பைசா. அணா என்பது ரூபாயில் வீசமே அன்றோ? வீசத்தைப் புள்ளியிட்டு எழுதினால் 0.0625, அதாவது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லையாதலால் ஓர் அணாவுக்கு ஆறு பைசா என்று கொண்டனர். ஓரணாப் பண்டத்தைப் பதினாறு முறை தனித்தனியே வாங்கியவர் கொடுத்தது 96 பைசா. ஒரே முறையில் வாங்கியவர் கொடுத்தது முழு ரூபாய். பழைய கணக்கும் புதிய கணக்கும் சந்தித்த இடத்தில் நாலு பைசா மறைந்துவிட்டது! 1964-இல் ‘நயா’ என்னும் அடைமொழியும் நீங்கியது.

நாம் வாழும் பெங்களூர் நகரம் இப்புள்ளியின் அருமையை நன்கறியும். 1953-இல் நிறுவப்பெற்ற எச்.எம்.டி. போன்ற பொறித்தொழிற்சாலைகளில் 0.01 மில்லிமீட்டர் வரை அளந்து வேலை செய்தவர்களுள் நம்மவரும் பலர். அங்கே புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் அளவு பத்து மடங்கு மாறும். செய்த உறுப்புப் பயனற்றுப் போகும்.

அப்படியாயின் பழஞ்சொற்களைக் கைவிடலாமோ? கூடாது. 0.125, 0.5 ஆகிய இரண்டில் பெரியது எது என்று கேட்டால், இலக்கங்கள் மிகுந்திருப்பதைக் கண்டு 0.125 என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. முன்னது அரைக்கால், பின்னது அரை என்று சொல்லிப் பாருங்கள். ஐயம் அக்கணமே அகலும். புள்ளி கணக்கிட உதவுகிறது. சொல் அளவை மனக்கண்முன் நிறுத்துகிறது.

நம் அண்டை வீட்டுக் கன்னட மக்களும் காலு, முக்காலு, வீச என்றே வழங்கி வந்துள்ளனர். இரு மொழியினர்க்கும் பொதுவான இச்செல்வம் நம் இல்லங்களில் அழியலாகாது. பள்ளியில் புள்ளியைக் கற்கும் குழந்தைக்கு, வீட்டில் வீசத்தையும் மாவையும் கற்பிப்பது பெற்றோர் கடனாகும்.